மழையில் பிறந்த கோழிப் பை

அயர்லாந்தின் டப்ளின் நகரில் ஓர் ஆண்டில் பெய்யும் மழை சராசரியாக 750 மி.மீ. அளவில்தான் இருக்கும். சென்னையில் பெய்வதோ 1,400 மி.மீ.க்கு அருகில். எண்களை மட்டும் பார்த்தால் சென்னைதான் மழை ஊர். ஆனால் நமக்கு ஐப்பசி, கார்த்திகையில் கொட்டித் தீர்த்துவிட்டு மழை போய்விடும். அயர்லாந்தில் அது கொட்டுவதில்லை, ஆண்டு முழுக்கத் தூறுகிறது. மேற்குக் கரையோரத்தின் சில பகுதிகளில் ஆண்டுக்கு 225 நாட்கள் வரை மழை நாட்களே. அந்த ஊர்க் கோழிப் பையின் சுவைக்குக் காரணம் தேடிப் போனால், கடைசியில் இந்தத் தூறலில்தான் போய் நிற்போம்.

பை என்றதும் கடைக்கு எடுத்துப்போகும் பை நினைவுக்கு வந்தால் தவறில்லை. இதுவும் உள்ளே ஒன்றைப் பொதிந்து வைக்கும் உறைதான், மாவால் ஆன உறை. அயர்லாந்து வீடுகளில் பெரும்பாலும் அடியில் மாவு வைப்பதில்லை. ஆழமான பீங்கான் தட்டில் வெந்த கோழிக்கறி, வெங்காய இனத்தைச் சேர்ந்த லீக்ஸ், கேரட், சில வீடுகளில் கொஞ்சம் ஹாம், இவற்றைப் பிணைக்கும் வெள்ளைக் குழம்பு. அதன்மேல் வெண்ணெய் சேர்த்த மாவில் ஒரு மூடி. அவ்வளவுதான். மிளகாய் கிடையாது, மசாலா கிடையாது. உப்பு, மிளகு, தைம், பார்ஸ்லி போதும். மறைத்துக்கொள்ளக் காரம் இல்லாததால் வெண்ணெயும் மாவும் கறியும் சரியாக இருந்தே ஆக வேண்டும். இந்த எளிமைதான் எனக்கு இந்த உணவில் மிகப் பிடித்தது.

முதலில் வெண்ணெய். தூறலில் புல் ஏறக்குறைய ஆண்டு முழுக்க வளர்கிறது. மாடுகள் பெரும்பாலான மாதங்கள் வெளியில் மேய்கின்றன. பச்சைப் புல்லில் உள்ள பீட்டா கரோட்டின் பாலின் கொழுப்பில் தங்கிவிடுவதால் அயர்லாந்து வெண்ணெய் மஞ்சளாக இருக்கும். கேரட்டுக்கு நிறம் தருவதும் இதே பொருள்தான். மேய்ச்சல் மாட்டின் பால்கொழுப்பில் நிறைவுறாக் கொழுப்பும் சற்று அதிகம். அதனால் வெண்ணெய் மென்மையாகவும் இருக்கும். கார்க் நகரில் 1770ல் தொடங்கிய வெண்ணெய்ச் சந்தை 19ஆம் நூற்றாண்டில் உலகிலேயே பெரியதாக விளங்கியது. உப்பிட்டு மரப் பீப்பாய்களில் அடைத்த வெண்ணெய் அங்கிருந்து மேற்கிந்தியத் தீவுகள் வரை கப்பலேறியது. 1924ல் அந்தச் சந்தை மூடப்பட்டது. அதற்கும் வெகு முன்னால், மக்கள் வெண்ணெயைச் சதுப்பு நிலத்தில் புதைத்து வைத்தார்கள். குளிர்ச்சியும் அமிலத்தன்மையும் கொண்ட, ஆக்சிஜன் எட்டாத அந்தச் சேற்றிலிருந்து 3,000 ஆண்டுக்கு மேல் பழைய வெண்ணெய்க் கட்டிகளைத் தோண்டி எடுத்திருக்கிறார்கள்.

அடுத்து மாவு. ஈரமும் குளிரும் நிறைந்த அந்த வானிலையில் விளையும் கோதுமையில் புரதம் குறைவு. ஈஸ்ட் போட்டு உப்ப வைக்கும் ரொட்டிக்கு அது அவ்வளவாக ஒத்துவராது. சமையல் சோடா போட்ட ரொட்டி அங்கே வேரூன்றியதற்கு அதுவும் ஒரு காரணம். ஆனால் பையின் மூடிக்கு அந்த மென்மாவுதான் அருமையாகப் பொருந்தும்.

ஏன் என்று புரிய பரோட்டாவை நினைத்துக்கொள்ளலாம். கோதுமை மாவில் தண்ணீர் பட்டதும் அதிலுள்ள இரண்டு புரதங்கள் கைகோத்து குளூட்டன் என்ற வலையைப் பின்னுகின்றன. பிசையப் பிசைய வலை இறுகும். பரோட்டா மாஸ்டர் மாவை அடித்து, ஊறவைத்து, கண்ணாடிபோல வீச முடிவது இந்த வலையின் தயவால்தான். பை மூடிக்கு வேண்டியது நேர் எதிரானது. வாயில் வைத்ததும் பொடிய வேண்டும். ஆகவே வலை பின்னுவதைத் தடுக்க வேண்டும். அதற்கு வழி, தண்ணீர் மாவைத் தொடும் முன்பே வெண்ணெய் தொட்டுவிடுவது.

கால் கிலோ மைதா, ஒரு சிட்டிகை உப்பு, 125 கிராம் குளிர்ந்த வெண்ணெய். வெண்ணெயைச் சிறு துண்டுகளாக்கி மாவில் போட்டு, விரல் நுனிகளால் மட்டும் தேய்க்க வேண்டும். உள்ளங்கை கூடாது, அதன் சூடு அதிகம். வெண்ணெய் 30 டிகிரி செல்சியஸைத் தாண்டும்போதே உருகத் தயாராகிவிடும். உடல் சூடு 37. கொஞ்ச நேரத்தில் மாவு ரவை பதத்துக்கு வரும். ஒவ்வொரு துகளும் கொழுப்பில் நனைந்து நீரை விலக்கும் நிலைக்கு வந்துவிட்டது என்று பொருள். பட்டாணி அளவில் சில வெண்ணெய்க் கட்டிகளை மட்டும் தேய்க்காமல் விட்டுவிடுங்கள். பிறகு ஐஸ் தண்ணீர் நாலு மேசைக்கரண்டி. மாவு ஒட்டிச் சேர்ந்ததும் கையை எடுத்துவிட வேண்டும். ஒரு முறை கூடுதலாகப் பிசைந்தாலும் அது சப்பாத்தியின் குணத்துக்குப் போய்விடும். மூடி வைத்து அரை மணி நேரம் ஃபிரிட்ஜில் இருக்கட்டும். பின்னிய கொஞ்சநஞ்ச வலையும் தளரும், வெண்ணெய் மறுபடி இறுகும்.

அந்தப் பட்டாணி அளவுக் கட்டிகள் எதற்கு? வெண்ணெய் முழுக்கக் கொழுப்பு அல்ல. அதில் சுமார் 16 சதவீதம் தண்ணீர். 125 கிராம் வெண்ணெயில் 20 கிராம் வரும். ஒரு கிராம் தண்ணீர் ஆவியானால் ஏறத்தாழ 1.7 லிட்டர் இடம் கேட்கும். ஆக, அந்த வெண்ணெய்க்குள் 30 லிட்டருக்கு மேல் ஆவி ஒளிந்திருக்கிறது. அடுப்பின் சூட்டில் கட்டிகள் உருகி மாவுக்குள் இடைவெளி விடும்போது, அந்த ஆவி மேலே உள்ள மெல்லிய படலத்தைத் தூக்கிப் பிடிக்கிறது. அதற்குள் மாவு வெந்து இறுகிவிட்டால் ஏடு ஏடாக உரியும் மூடி கிடைக்கும். வெண்ணெய் முன்கூட்டியே உருகிவிட்டால் மாவு அதைக் குடித்துவிட்டு எண்ணெய்த் தட்டையாகப் படுத்துவிடும். முதல் முறை நான் செய்த தவறு இதுதான். கொதிக்கும் குழம்பின்மேல் மூடியைப் போர்த்தினேன். அடுப்புக்குள் வைக்கும் முன்பே அது நடுவில் தொய்ந்து குழம்பில் அமிழ்ந்துவிட்டது. குழம்பு முழுக்க ஆறிய பிறகே மூடி.

கோழிக்கு வருவோம். பழைய அயர்லாந்துப் பண்ணை வீடுகளில் கோழி வளர்ப்பு பெண்களின் பொறுப்பு. முட்டை விற்ற காசில்தான் தேயிலையும் சர்க்கரையும் வாங்குவார்கள். முட்டையிடும் கோழியை யாரும் அறுக்க மாட்டார்கள். முட்டை நின்ற கிழட்டுக் கோழிதான் பானைக்குப் போகும். அந்த முற்றிய கறியை மெல்ல முடியாது, நாட்டுக்கோழி சமைப்பவர்களுக்கு இது தெரியும். ஆனால் அதன் மூட்டுகளிலும் சவ்வுகளிலும் கொலாஜன் நிறைய. கொதிக்கவிடாமல், 85, 90 டிகிரியில் நெடுநேரம் வேகவிட்டால் கொலாஜன் கரைந்து ஜெலட்டின் ஆகும். அந்தச் சாற்றை ஆறவைத்தால் ஜெல்லிபோல் உறையும். நாம் கடைக் கோழியில் செய்தாலும் நெஞ்சுக்கறியை விடத் தொடைதான் நல்லது. நெஞ்சுக்கறியில் இணைப்புத் திசு குறைவு. சூடு 65 டிகிரியைத் தாண்டியதும் தசைநார்கள் சுருங்கித் தம்மிடமுள்ள நீரைப் பிழிந்து வெளியே தள்ளிவிடும். பிறகு எத்தனை குழம்பு ஊற்றினாலும் கறி சக்கைதான். எலும்போடு ஒரு கிலோ தொடைக்கறியை கேரட், வெங்காயம், மிளகோடு சேர்த்து அடங்கிய தீயில் 40 நிமிடம் வேகவைத்து, சதையை உதிர்த்துக்கொள்ளுங்கள். சாற்றில் ஒரு சொட்டும் வீணாக்க வேண்டாம்.

லீக்ஸின் தண்டு வெளுப்பாக இருக்கக் காரணம், வளர வளர அதைச் சுற்றி மண் அணைப்பதுதான். அதே காரணத்தால் மடிப்புகளுக்குள் மண் இருக்கும். நீளவாக்கில் பிளந்து அலசுங்கள். லீக்ஸ் கிடைக்காவிட்டால் வெங்காயத்தாளின் வெள்ளைப் பகுதி. வெண்ணெயில் நிறம் மாறாமல் வதக்கி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

அதே பாத்திரத்தில் 40 கிராம் வெண்ணெய் உருகியதும் 40 கிராம் மைதாவைக் கொட்டி இரண்டு நிமிடம் கிளற வேண்டும். மைதாவை நேராகக் கொதிக்கும் சாற்றில் போட்டால் கட்டி தட்டும். வெளிப்புற ஸ்டார்ச் மணிகள் சட்டென்று நீரை உறிஞ்சிப் பசையாகி, உள்ளே உள்ள மாவுக்கு நீர் போகவிடாமல் அடைத்துவிடுவதே காரணம். கொழுப்பில் வதக்கும்போது ஒவ்வொரு மணியும் தனித்தனியாகப் பிரிந்து நிற்கும். அரை லிட்டர் சாற்றையும் பாலையும் சிறிது சிறிதாக ஊற்றினால் மணிகள் 60 டிகிரியை ஒட்டி ஊதத் தொடங்கி, கொதிநிலைக்கு அருகில் முழுமையாகக் கெட்டிப்படும். கறியும் லீக்ஸும் இதில் சேரும். இதில் ஜெலட்டினும் இருப்பதால் ஆறியதும் கிட்டத்தட்டத் திடமாக நிற்கும், மூடியைத் தாங்கிப் பிடிக்கும். ஆறட்டும் என்று மேசையிலேயே விட்டுவிடக் கூடாது. இரண்டு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜுக்குப் போய்விட வேண்டும், நம் ஊர் வெயிலில் அதற்கும் முன்னால்.

மூடியைப் போர்த்தி, விளிம்பை அழுத்தி, முட்டை பூசி, நடுவில் ஒரு துளை போடுங்கள். குழம்பின் ஆவிக்கு வழி இல்லாவிட்டால் அது மூடியின் அடியை அவித்துவிடும். ஓவனில் 200 டிகிரியில் 20 நிமிடம், பிறகு 180ல் இன்னொரு 20. முட்டையின் புரதமும் சர்க்கரையும் அந்தச் சூட்டில் வினைபுரிந்து மூடியைப் பொன்னிறமாக்கும். அயர்லாந்தின் கிராமப்புற மின்மயமாக்கல் 1946ல்தான் தொடங்கியது. அதற்கு முன் பல வீடுகளில் இந்த வேலையைச் செய்தது ‘பாஸ்டபிள்’ என்ற இரும்புப் பானை. சதுப்பில் வெட்டிக் காயவைத்த கரிமண் கட்டிகளை எரித்து, தணலின்மேல் பானையை வைத்து, மூடியின்மேலும் தணலை வாரிப் போடுவார்கள். பிரியாணிக்குத் தம் போடுவதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

வெந்ததும் உடனே வெட்டாதீர்கள். பத்து நிமிடம் ஆறினால் குழம்பு மறுபடி கெட்டிப்பட்டு, கரண்டியில் நிற்கும். மீந்ததை மைக்ரோவேவில் வைக்க வேண்டாம். குழம்பின் ஈரம் மூடிக்கு ஏறி அது தொளதொளத்துவிடும். ஓவனில் நன்றாகச் சூடேற்றினால் மொறுமொறுப்பு திரும்பும். முதன்முறை முயல்பவர்களுக்கு ஒரு யோசனை: சித்திரை வெயிலில் தொடங்காதீர்கள். மார்கழி, தை மாதத்து விடிகாலையில் மாவைத் தேயுங்கள், வெண்ணெய் சொன்னபடி கேட்கும்.