கண் போனால் காது கூர்மையாகுமா?

திண்டுக்கல் பஸ் நிலையத்தில் பார்வையற்ற ஒருவர் கடையில் மீதிச் சில்லறை வாங்குகிறார் என்று வைத்துக் கொள்ளுங்கள். நாணயத்தை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "இது ஒரு ரூபாய் ஐயா, எனக்கு வர வேண்டியது இரண்டு ரூபாய்" என்கிறார். சுற்றி நிற்பவர்களுக்கு ஒரே வியப்பு! "பார்த்தீர்களா, கண்ணைப் பறித்துக் கொண்ட கடவுள் விரலிலே கண்ணை வைத்துவிட்டார்!" என்கிறார் ஒருவர். மற்றவர்களும் ஆமாம் என்று தலையாட்டுகிறார்கள்.

நல்ல மனத்தோடு சொல்கிற வார்த்தைதான். அப்படிச் சொல்வதில் நமக்கு ஓர் ஆறுதலும் இருக்கிறது. ஆனால் அது உண்மைதானா? கொஞ்சம் யோசித்துப் பார்ப்போம், வாருங்கள்.

திண்டுக்கல்லிலேயே ஆரம்பிக்கலாம். இந்த ஊர்ப் பூட்டின் பெருமையை நான் சொல்ல வேண்டியதில்லை. 2019-ல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. பூட்டுத் தொழிலாளி சாவியை அரத்தால் ராவுகிறார், பூட்டுக்குள் விட்டுத் திருப்பிப் பார்க்கிறார், மறுபடியும் ராவுகிறார். உள்ளே லீவர் எங்கே இடிக்கிறது என்பதை அவருக்குச் சொல்வது கண்ணல்ல, கைதான். அதற்காக, 'இவர் விரலிலே கடவுள் கண் வைத்திருக்கிறார்' என்று யாராவது சொல்கிறோமா? 'எத்தனை வருஷத் தொழில்! கை பழகிவிட்டது' என்றுதானே சொல்கிறோம்?

அவ்வளவு தூரம் கூடப் போக வேண்டாம். உங்கள் சமையலறைக்கே வருவோம். அடுப்புக்கு முதுகைக் காட்டிக் கொண்டு வெங்காயம் நறுக்குகிறீர்கள். கடுகு வெடித்து ஓய்ந்தது காதுக்குத் தெரிகிறது. குழம்பு அடிப்பிடிக்கப் போவதை மூக்கு சொல்லிவிடுகிறது. சின்னாளபட்டிச் சுங்குடியை இரண்டு விரலால் கசக்கிப் பார்த்தே நூலின் தரத்தைச் சொல்லிவிடுகிறீர்கள். கல்யாணமான புதிதில் இந்தச் சாமர்த்தியமெல்லாம் இருந்ததா? காதும் மூக்கும் அன்றிருந்தவைதான். பழக்கம்தான் புதிது.

பார்வையற்றவர்களின் ரகசியமும் இவ்வளவுதான். அவர்கள் காது நம் காதுதான். விரல் நம் விரல்தான். நாம் அலட்சியமாக விட்டுவிடும் ஒலியையும் உணர்வையும் அவர்கள் கவனித்தே தீர வேண்டியிருக்கிறது. நாள்தோறும் கவனிப்பதால் தேர்ச்சி வருகிறது.

இதை விஞ்ஞானிகள் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். எதிரே சுவர் இருப்பதைத் தொடாமலே அறிந்து நின்றுவிடும் பார்வையற்றவர்கள் உண்டு. அது எப்படி என்று கேட்டால், 'முகத்திலே ஏதோ படுகிறாற்போல் தோன்றுகிறது' என்று பலர் சொல்லி வந்தார்கள். அமெரிக்காவில் கார்னெல் சர்வகலாசாலையைச் சேர்ந்தவர்கள் இதை ஆராய்ந்து 1944-ல் முடிவுகளை வெளியிட்டார்கள். காதுகளை அடைத்துவிட்டு நடக்கச் சொன்னபோது அந்தச் சக்தி மறைந்துவிட்டது! காலடி ஓசை சுவரில் பட்டுத் திரும்புவதைக் காது கேட்டிருக்கிறது. முகத்துக்கு அதில் வேலையே இல்லை. இன்னொரு விஷயம்தான் ருசிகரமானது. கண்ணைக் கட்டிக் கொண்ட பார்வையுள்ளவர்களும் பழகப் பழக இந்த வித்தையைக் கற்றுக் கொண்டார்கள்!

"அப்படியானால் வித்தியாசமே கிடையாதா?" என்று நீங்கள் கேட்கலாம். உண்டு. சிறு வயதிலேயே பார்வை இழந்தவர்கள் விரலால் பிரெய்லி எழுத்தைப் படிக்கும்போது, மூளையில் பார்வைக்கென்று இருக்கும் பகுதியும் வேலை செய்கிறது என்று 1996-ல் வெளியான ஓர் ஆராய்ச்சி காட்டியது. சும்மா கிடக்கும் அறையை வீட்டுக்காரி வேறு காரியத்துக்குப் பயன்படுத்திக் கொள்வதில்லையா? மூளையும் அப்படித்தான் செய்கிறது. ஆனாலும் கற்றுக் கொடுத்துப் பழக்கினால்தான் விரல் படிக்கும், தானாகப் படித்துவிடாது. விரலிலே நிஜமாகவே கண் இருந்தால், பார்வையற்றோர் எளிதில் இனம் காணும்படி 2019-ல் புதிய நாணய வரிசை ஒன்றை அரசாங்கம் வெளியிட வேண்டிய அவசியமே இருந்திராது அல்லவா?

இந்த மாவட்டத்திலேயே இதற்கு ஒரு சிறந்த சான்று உண்டு. பழனியில் 1836-ல் பிறந்தவர் மாம்பழக் கவிச்சிங்க நாவலர். குழந்தைப் பருவத்திலேயே வைசூரி கண்டு அவருடைய கண்பார்வை போய்விட்டது. ஏட்டைப் பிரித்துப் படிக்க முடியாத அந்தப் பிள்ளை, பிறர் சொல்லக் கேட்டே இலக்கண இலக்கியங்களை மனத்தில் ஏற்றிக் கொண்டார். ராமநாதபுரம் சேதுபதி சமஸ்தானத்தில் புகழ் பெற்ற புலவராக விளங்கி, 1884-ல் மறைந்தார். கண் போனதால் ஞாபகசக்தி வந்தது என்று சொல்லிவிடுவது சுலபம். ஆனால் ஒரே சமயத்தில் நூறு விஷயங்களில் கவனம் செலுத்திய சதாவதானி செய்குத்தம்பிப் பாவலருக்குக் கண் நன்றாகத் தெரிந்ததே! இருவரிடமும் இருந்தது அப்பியாசம். நாவலரிடம் இன்னொன்றும் இருந்தது. 'கண்ணில்லாப் பிள்ளைக்குப் படிப்பு எதற்கு?' என்று ஒதுக்கிவிடாமல், அவருக்கு எடுத்துச் சொல்லிக் கொடுக்க மனிதர்கள் இருந்தார்கள்.

நிற்க. இந்த நம்பிக்கையால் யாருக்கு என்ன கெடுதல் என்று தோன்றலாம். இருக்கிறது, சகோதரிகளே!

பார்வையற்ற எட்டு வயதுப் பெண் குழந்தை ஒன்று வீட்டில் இருக்கிறது. உறவினர்கள் வந்து, "கண்ணில்லாதவர்களுக்குச் சங்கீதம் நன்றாக வரும், ஆர்மோனியம் வாங்கிக் கொடுங்கள்" என்கிறார்கள். குழந்தைக்கோ சுருதியே சேரவில்லை, கணக்கில்தான் ஆசை. 'இதற்கு அந்த வரமும் இல்லை போலிருக்கிறது' என்று வீடு கைவிட்டு விடுகிறது. கணக்கை யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. அந்தக் குழந்தைக்குப் பார்வை போனது ஒரு நஷ்டம். நம் நம்பிக்கையால் படிப்பும் போனது இரண்டாவது நஷ்டம். முழுதும் பார்வையற்ற சென்னைப் பெண் பெனோ ஜெஃபைன் 2015-ல் இந்திய வெளிநாட்டுப் பணியில் சேர்ந்தாரே, அது ஆர்மோனியத்தால் வந்ததல்ல, படிப்பால் வந்தது.

வயதான பிறகு பார்வை மங்குகிறவர்களின் கதை வேறு. அறுபத்தைந்து வயது மாமியாருக்குக் கண் மங்கினால் காது கூர்மையாகிவிடாது. அந்த வயதில் காதும் மந்தமாகத் தொடங்கியிருக்கும். 'பழகிவிடும்' என்று விட்டுவிடக் கூடாது. கண்புரையாக இருந்தால் சிறு ஆபரேஷனில் பார்வை திரும்பும். நீரிழிவாலும் கண்ணின் அழுத்தத்தாலும் வரும் கெடுதலை, தாமதித்தால் திருப்ப முடியாது. முடக்குவாதத்தால் கோணிப்போன விரல்களை விடாமல் பழக்கிக் கத்தி பிடித்த டாக்டர் கோ.வேங்கடசாமி, மதுரையில் 1976-ல் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கியது இப்படிப்பட்டவர்களுக்காகத்தான்.

இன்னொரு தவறான எண்ணம், பார்வையற்றவர் என்றால் எல்லாமே கும்மிருட்டு என்பது. பலருக்கு வெளிச்சம் தெரியும். சிலருக்கு உருவம் நிழலாகத் தெரியும். 2016-ம் வருஷத்து மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் குறைபார்வையையும் தனியே ஏற்றுக் கொண்டிருக்கிறது. வெள்ளைக் கோலோடு வருபவர் கைபேசியைக் கண்ணருகே வைத்துப் பார்த்தால், 'நடிக்கிறார்' என்று முணுமுணுக்காதீர்கள்.

சரி, நாம் செய்யக் கூடியது என்ன? அவர் அருகே சென்றதும், "என் குரல் தெரிகிறதா?" என்று பரீட்சை வைக்காமல், உங்கள் பெயரைச் சொல்லுங்கள். கையைப் பிடித்து இழுக்காமல், "உதவி வேண்டுமா?" என்று கேட்டு, உங்கள் முழங்கையைப் பிடித்துக் கொள்ளச் செய்யுங்கள். வீட்டில் நாற்காலியை இடம் மாற்றினால் சொல்லிவிடுங்கள். கதவை முழுதும் திறந்து வையுங்கள், அல்லது மூடிவிடுங்கள். பாதி திறந்த கதவுதான் நெற்றியைப் பதம் பார்க்கும். குழந்தையாக இருந்தால் பள்ளிக்கு அனுப்புங்கள். பாளையங்கோட்டையில் பார்வையற்றோர் பள்ளி 1890-லேயே தோன்றிவிட்டது. இன்று பேசும் கைபேசியும் கூட இருக்கிறது.

கடவுள் கொடுத்துவிட்டார் என்று நாம் நினைத்தால், நாம் கொடுக்க வேண்டியது மறந்து போகிறது. பார்வையற்றவரின் தேர்ச்சியைக் கண்டால் தாராளமாகப் பாராட்டுங்கள்; அதை அதிசயமாக அல்ல, அவருடைய உழைப்பாகப் பாராட்டுங்கள். அந்த உழைப்புக்கு வேண்டிய புத்தகமும் பள்ளியும் பொறுமையும் அவருக்குக் கிடைக்கும்படி செய்வது நம் பொறுப்பு.