சிம்னி, கீசர் பைப் இடுக்கில் ஸ்ப்ரே ஃபோம் அடிக்கலாமா? எங்கே ஓகே, எங்கே ஆபத்து?

சேர்வராயன் மலையடிவாரத்து பொம்மிடியில் வீட்டைச் சூடாக்கும் குழாய்க்கு வேலையில்லை. ஆனால் ஏசி, சிம்னி, கேஸ் கீசர் பைப்புகள் சுவரைத் துளைத்துத்தானே வெளியே போகணும்? அந்த இடுக்கில் பல்லி, மழைத்தண்ணி வராமல் இருக்க ஸ்ப்ரே ஃபோம் அடிக்கலாமா?

ஏசி பைப்: அடிக்கலாம். வெயில் பட்டால் ஃபோம் பொடிந்துவிடும். காய்ந்ததும் வெளிப்பக்கம் பூசிவிடுங்கள்.

சிம்னி பைப்: வேண்டாம். உள்ளே எண்ணெய்ப் பிசுக்கு; ஃபோமோ தீப்பிடிக்கும் பாலியூரித்தேன். இணைப்புகளுக்கு அலுமினிய டேப் போதும்.

கேஸ் கீசர்: கூடவே கூடாது. புகைக்குழாய் கொதிக்கும். காற்று வரும் வழியை அடைத்தால், வாசனையே இல்லாத கார்பன் மோனாக்சைடு உயிரையே பறிக்கும்.

டப்பாவில் இருப்பதும் எரியும் வாயுதான். அடுப்பை அணைத்து, ஜன்னலைத் திறந்து, கையுறை போட்டு அடியுங்கள்.