வெளிமானைத் தேடி வேளாவதருக்கு

குஜராத்தின் பாவ்நகர் மாவட்டத்தில், காம்பத் வளைகுடாவுக்கு மேற்கே, வேளாவதர் என்றொரு ஊர். அதையொட்டி சுமார் 34 சதுர கிலோமீட்டர் பரப்பில் ஒரு தேசியப் பூங்கா. அங்கே மலை இல்லை, அருவி இல்லை, அடர்ந்த மரக்கூட்டமும் இல்லை. முழங்கால் உயரப் புல் மட்டும் தொடுவானம் வரை கிடக்கிறது. காட்டுயிர் என்றதும் முதுமலையையும் பந்திப்பூரையும் நினைப்பவருக்கு முதல் பார்வையில் ஏமாற்றமாகத்தான் இருக்கும். சற்றுப் பொறுத்தால் புல்லுக்குள்ளிருந்து முறுக்குக் கொம்புகள் ஒவ்வொன்றாக எழும்.

அவை வெளிமான்கள். திருகுமான், கலைமான் என்றும் சொல்வார்கள். சங்கப் பாடல்களில் முல்லை நிலத்தில் திரியும் இரலை இதுதான் என்பது இயற்கை ஆய்வாளர்களின் கருத்து. வெளியில் வாழும் மான் என்று பெயரிலேயே அதன் வாழிடத்தைச் சொல்லிவிட்டது தமிழ். காட்டுக்குள் ஒளிந்து தப்பும் விலங்கல்ல அது. தூரத்திலேயே எதிரியைக் கண்டு, மணிக்கு 80 கிலோமீட்டர் வரை வேகமெடுத்துத் தப்பும். அந்தக் கால்களுக்குத் திறந்த வெளி வேண்டும்.

பாவ்நகர் அரச குடும்பத்தின் வேட்டை நிலமாக இருந்த இடம் இது. பழக்கிய சிவிங்கிப்புலிகளை மாட்டுவண்டியில் ஏற்றிவந்து மான்கள்மீது ஏவுவார்கள். இந்தியச் சிவிங்கிப்புலி அருகியபோது ஆப்பிரிக்காவிலிருந்து வரவழைத்தும் அந்த வேட்டை தொடர்ந்தது. அதே குடும்பத்தில் பிறந்த தர்மகுமார்சிங்ஜி பறவையியலாளராக வளர்ந்து, சௌராஷ்டிரத்தின் பறவைகளைப் பற்றி நூல் எழுதினார், இந்தப் புல்வெளியைக் காக்கவும் முன்னின்றார். 1960களில் இப்பகுதியில் மான்கள் சில நூறாகச் சுருங்கியிருந்தன. 1976இல் தேசியப் பூங்கா ஆன பிறகு அவை மீண்டு, இன்று ஆயிரக்கணக்கில் மேய்கின்றன.

வேளாவதர் பயணத்தில் முதலில் முடிவுசெய்ய வேண்டியது மாதத்தை. புல்வெளி பருவத்துக்குப் பருவம் வேறு நிலமாகிவிடுகிறது. எதைப் பார்க்கப் போகிறோம் என்று தெளிவில்லாமல் விடுமுறை கிடைத்த நாளில் கிளம்பினால் பாதிக் காட்சி தவறும். பூங்கா ஆண்டுதோறும் ஜூன் 16 முதல் அக்டோபர் 15 வரை மூடியிருக்கும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

நவம்பர் முதல் பிப்ரவரி வரை வருபவர்கள் மாலைக்காகக் காத்திருக்கலாம். மத்திய ஆசியப் புல்வெளிகளில் கூடுகட்டும் பூனைப்பருந்துகள் குளிர்காலத்தைக் கழிக்க இங்கே வருகின்றன. பகலெல்லாம் சுற்றுவட்டாரப் பருத்தி வயல்களில் வெட்டுக்கிளி பிடித்துத் தின்றுவிட்டு, சூரியன் இறங்கும் நேரத்தில் நாலா திசையிலிருந்தும் பூங்காவை நோக்கித் திரும்பும். மற்றப் பருந்துகள் மரம் தேட, இவை புல்லுக்குள் தரையில் இறங்கி இரவு தங்கும். ஒரே மாலையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பருந்துகளை இங்கே எண்ணியிருக்கிறார்கள். உலகில் இதைவிடப் பெரிய பூனைப்பருந்துத் தங்கிடங்கள் மிக அரிது. ஆனால் இந்தியாவில் குளிர்காலத்தில் தங்கும் பூனைப்பருந்துகள் முப்பது ஆண்டுகளில் குறைந்துவருவதாக, பெங்களூரின் ஏட்ரீ சூழலியல் ஆய்வு நிறுவனத்தினரின் 2018ஆம் ஆண்டுத் தொகுப்பு காட்டுகிறது. பார்க்க விரும்புபவர்கள் தள்ளிப்போடாமல் இருப்பது நல்லது.

மார்ச், ஏப்ரலில் கதை வேறு. வெயில் ஏறும். புல் காய்ந்து மங்கும். அப்போதுதான் வெளிமான்களின் இணைசேர் களம் கூடுகிறது. ஆண் மான்கள் ஒரு திடலில் நெருக்கமாகக் கூடி, ஆளுக்கொரு சின்னத் துண்டு நிலத்தைப் பிடித்துக்கொள்கின்றன. அந்தத் துண்டின் நடுவில் ஒரு சாணக் குவியல்தான் எல்லைக்கல். முகத்தை வானுக்கு உயர்த்தி, கொம்புகளை முதுகோடு சாய்த்து, காதுகளைத் தொங்கவிட்டு, உறுமிக்கொண்டே நடக்கும். பக்கத்துத் துண்டுக்காரன் எல்லை தாண்டினால் கொம்போடு கொம்பு பூட்டும். பெண் மான்கள் இந்தக் களத்தின் ஊடே நடந்து, பார்த்து, தங்களுக்குப் பிடித்த துணையைத் தேர்ந்துகொள்ளும். அந்தத் துண்டில் மேய்ச்சலும் கிடையாது, நிழலும் கிடையாது. வெயிலில் பட்டினியோடு நின்று, தான் தாக்குப்பிடிப்பதைக் காட்டுவதே ஆண் மானின் தகுதி. புலி ஒன்று சாலையைக் கடக்கும் சில நொடிகளுக்காக நாள் முழுக்கக் காத்திருந்தவர்கள், இங்கே மூன்று மணி நேரம் தொடர்ந்து ஒரு நாடகத்தைப் பார்க்கலாம்.

மழைக்காலத்து நாயகன் வரகுக்கோழி. ஆண் பறவை புல்லுக்கு மேலே எம்பிக் குதித்து, சிறகடித்து, மறுபடி புல்லுக்குள் மறையும். இணையை அழைக்க ஒரே நாளில் நூற்றுக்கணக்கான முறை இப்படிக் குதிக்கும். பூங்கா மூடியிருக்கும் மாதங்களில்தான் இது நடக்கிறது. அந்த மூடலை யாரும் குறையாகச் சொல்ல முடியாது. உலக அளவில் அழிவின் விளிம்பில் இருக்கும் பறவையை, குஞ்சு பொரிக்கும் காலத்தில் படமெடுக்க வண்டிகள் சூழ்வது அதற்குச் செய்யும் கேடு.

ஓநாய், கழுதைப்புலி, நரி, நீலமான் ஆகியவையும் இங்கே உண்டு. ஓநாயைப் பார்க்க விடியற்காலைதான் வாய்ப்பு.

திறந்த வெளியில் விலங்கு முதலில் மனிதனைப் பார்த்துவிடுகிறது. ஆகவே துரத்திப் போய்ப் பயனில்லை. வழிகாட்டியை உடன் வைத்துக்கொண்டு, ஓர் இடத்தில் வண்டியை நிறுத்தி, இன்ஜினை அணைத்து, இறங்காமல் உட்கார்ந்திருந்தால் மான்கள் மறந்துபோய்த் தாமாக நெருங்கும். காலை பத்து மணிக்குமேல் தரையிலிருந்து எழும் கானல் அலையில் எவ்வளவு விலை உயர்ந்த கேமராவிலும் படம் கலங்கும். அதனால் முதல் மூன்று மணி நேரமும் கடைசி இரண்டு மணி நேரமும் போதும், நடுப்பகலில் தூங்கலாம். கேமராவைவிட நல்ல இருகண்ணோக்கி முக்கியம். எட்டு மடங்கு பெரிதாக்கிக் காட்டுவது போதுமானது. ஜனவரி விடியலில் திறந்த ஜீப்பில் குளிர் வாட்டும், கம்பளிச் சட்டை தேவை. வண்டித்தடத்தை விட்டுப் புல்லுக்குள் இறக்கச் சொல்லி ஓட்டுநரை வற்புறுத்தக் கூடாது. தரையில் கூடு கட்டும் பறவைகளின் முட்டைகள் சக்கரத்தின் கீழ் போகும்.

சென்னையிலிருந்து நவஜீவன் விரைவு ரயிலில் அகமதாபாத் சென்று, அங்கிருந்து சாலை வழியாகப் போவது வசதி. பாவ்நகர் இன்னும் பக்கம். வனத்துறையின் கலியார் பவன் விடுதி பூங்காவை ஒட்டியே இருக்கிறது. கலியார் என்பது கறுத்த ஆண் மானுக்கு அங்குள்ள பெயர். அறைகள் குறைவு. இரண்டு இரவாவது தங்கினால்தான் இரண்டு விடியலும் இரண்டு அந்தியும் கிடைக்கும்.

இத்தனை உயிர் வாழும் நிலத்துக்கு அரசு ஏட்டில் பெரும்பாலும் கிடைக்கும் பெயர் தரிசு. புல்வெளிகளும் புதர்நிலங்களும் நாட்டின் தரிசுநில வரைபடத்தில் இடம்பெற்றிருக்கின்றன. பயனற்ற நிலம் என்று எழுதியபின் அதில் மரம் நடலாம், தொழிற்சாலை கட்டலாம், சூரிய மின்பலகை பதிக்கலாம். வேளாவதருக்குப் பக்கத்திலேயே தோலேரா தொழில் மண்டலம் வளர்கிறது. பூங்காவுக்குள்ளேயோ சீமைக்கருவேலம் பரவுகிறது. அதன் காய்களைத் தின்னும் மான்களே விதையைப் புல்வெளிக்குள் பரப்பிவிடுகின்றன. வெட்டிக்கொண்டே இருப்பதைத் தவிர வழியில்லை. மரம் நடுவதெல்லாம் நன்மை என்ற எண்ணம் புல்வெளியில் பொய்த்துப்போகிறது.

குஜராத் வரை போக முடியாதவர்களுக்கு அருகிலேயே இடங்கள் உண்டு. தூத்துக்குடி மாவட்டம் வல்லநாட்டில் நாட்டின் தென்கோடி வெளிமான் கூட்டம் இருக்கிறது. கோடியக்கரையில் கடலோரப் புல்வெளியில் அவை மேய்கின்றன. கர்நாடகத்தின் தும்கூர் மாவட்டத்தில் ஜெயமங்கலி காப்பகம் பெங்களூரிலிருந்து ஒரே நாளில் போய்வரக்கூடியது. திருநெல்வேலிப் பக்கத்துப் பொட்டல்களிலும் குளிர்காலத்தில் பூனைப்பருந்துகள் வருகின்றன.

வேளாவதருக்கே போவதானால் நவம்பர் கடைசியிலிருந்து ஜனவரிக்குள் ஒரு வார நாளைப் பார்த்து, அறையை இப்போதே பதிவு செய்யுங்கள். முதல் மாலையில் மான்களை விட்டுவிட்டு, சூரியன் மறைவதற்கு ஒரு மணி நேரம் முன்பே பருந்துகள் இறங்கும் இடத்துக்குப் போய்விடுங்கள்.