அந்தத் தாவல் இன்னும் கிடைக்குமா?

மரியோ எவ்வளவு உயரம் குதிப்பான் என்பது, பட்டன் மேல் உங்கள் விரல் எவ்வளவு நேரம் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. தட்டிவிட்டு எடுத்தால் சின்னதாக ஒரு எம்பல். அழுத்திப் பிடித்தால் நல்ல தாவல். ஓடி வந்து அழுத்தினால் இன்னும் மேலே. அந்தரத்தில் இருக்கும்போதே அவனைப் பின்னால் இழுக்கலாம், முன்னால் தள்ளலாம். 1985 செப்டம்பர் 13 அன்று ஜப்பானில் வெளிவந்த 'சூப்பர் மரியோ பிரதர்ஸ்' விளையாட்டில் ஷிகேரு மியாமோட்டோவும் டகாஷி டெசுகாவும் செய்த பெரிய காரியம் இதுதான். காளான், ஆமை, குழாய் எல்லாம் அப்புறம்.

சித்தூரிலும் திருப்பதியிலும் இன்று நாற்பதை நெருங்குகிறவர்களிடம் கேம் பற்றிப் பேச்செடுத்தால் பத்தில் எட்டுப் பேர் ஒரே பாட்டைப் பாடுவார்கள்: "இப்ப வர்றதுல அந்த கிக்கு இல்லப்பா." தெலுங்கில் சொன்னாலும் தமிழில் சொன்னாலும் சலிப்பு ஒன்றுதான். நான் பாதிதான் ஒப்புக்கொள்வேன். அவர்களுக்குப் பிடிக்கிற மாதிரி புது கேம்கள் வந்துகொண்டுதான் இருக்கின்றன. வந்து சேருகிற வழிதான் கோணல்.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். நாம் ஆடியது மரியோவைச் செய்த நின்டென்டோவின் பெட்டியில் இல்லை. அந்த நிறுவனம் 1983-ல் விட்ட ஃபேமிகாமைப் பார்த்துத் தைவானிலும் சீனாவிலும் செய்த நகல்கள்தாம் உலகின் பாதி நாடுகளுக்குப் போயின. ரஷ்யாவில் அதற்கு 'டெண்டி' என்று பெயர், போலந்தில் 'பெகாசஸ்'. இந்தியாவில் 'சாமுராய்' என்ற பெயரில் முறைப்படி ஒன்று வந்தது உண்டு. ஆனால் நம் வீடுகளுக்கு வந்தவை பெரும்பாலும் பெயர் தெரியாத, அடாப்டர் சூடாகிற பெட்டிகள். சென்னை பர்மா பஜாரிலிருந்தோ வேலூரிலிருந்தோ கோடை விடுமுறைக்கு வரும் சொந்தக்காரர் கொண்டுவருவார். டிவியின் ஆன்டெனா துளையில் வயரைச் சொருகி, சேனலைத் திருகித் திருகிப் பிடித்தால் மஞ்சள் நிறத்தில் ஒரு பட்டியல் ஓடும்.

கேசட்டின் மேல் '9999999 இன் 1' என்று அச்சிட்டிருக்கும். அடுத்தடுத்துப் போட்டுப் பார்த்தால் மரியோ, சர்க்கஸ், ரோடு ஃபைட்டர், மறுபடி மரியோ, இந்தத் தடவை நாலாவது உலகத்திலிருந்து. மொத்தத்தில் பத்துப் பதினைந்து கேம்தான். படம் வரவில்லையென்றால் கேசட்டைக் கழற்றி, வாயால் 'ஃபூ' என்று ஊதி மறுபடி சொருகுவோம். ஊதுவதால் பலன் ஒன்றும் கிடையாது, எச்சில் ஈரம் பட்டு உள்ளே இருக்கும் உலோகப் பல்தான் கெடும். வேலை செய்தது கழற்றி மாட்டியதுதான்.

எல்லாக் கேசட்டிலும் மரியோ ஏன் இருந்தான்? பிரபலம் என்பதால் மட்டும் இல்லை. முப்பத்திரண்டு ஸ்டேஜும் பாட்டும் படமும் சேர்த்து மொத்தம் 40 கிலோபைட். இன்று வாட்ஸ்ஆப்பில் வருகிற ஒரு குட்மார்னிங் படத்துக்கே அதைவிட அதிகம் ஆகும். இடத்தை மிச்சம் பிடிக்க மேகத்துக்கும் புதருக்கும் ஒரே உருவத்தை வைத்து நிறத்தை மட்டும் மாற்றினார்கள். அவ்வளவு சின்னதாக இருந்ததால் மலிவான நகல் கேசட்டுக்குள் எளிதாக அடங்கியது. அமெரிக்கப் பிள்ளைகள் சொல்லிச் சொல்லி மாய்கிற 'செல்டா' மாதிரி விளையாட்டுகள் பெரியவை. ஆடியதைச் சேமித்துவைக்கக் கேசட்டுக்குள்ளேயே ஒரு பேட்டரி வேண்டும். நகலடிப்பவனுக்கு அது கட்டாது.

ஆக, அங்கே 'பழைய கேம்' என்றால் ஒரு அலமாரி. இங்கே வேறு அலமாரி. நமக்கு மரியோ, காண்ட்ரா, கோடாலி எறிந்துகொண்டே ஸ்கேட் போர்டில் போகும் 'அட்வென்ச்சர் ஐலேண்ட்', சிங்கத்தின் மேல் உட்கார்ந்து நெருப்பு வளையம் தாண்டும் சர்க்கஸ். சேமிக்கிற வசதி எதிலும் இல்லை. கரண்ட் போனால் முதல் ஸ்டேஜிலிருந்து. எங்கள் பக்கத்தில் கரண்ட் போகாத சாயங்காலம் எது?

இன்னொன்று பலருக்குத் தெரிந்திருக்காது. ஜப்பான், அமெரிக்க டிவி நொடிக்கு அறுபது தடவை படம் வரையும். இந்தியாவின் பால் முறை டிவி ஐம்பது தடவை. மரியோ அந்த எண்ணிக்கையை வைத்துத்தான் நகர்கிறான். அதனால் பால் முறைக்கென்று செய்த நகல் பெட்டிகளில் ஓட்டமும் பாட்டும் ஆறில் ஒரு பங்கு மெதுவாகிவிடும். இப்போது கம்ப்யூட்டரில் அசலைப் போட்டுப் பார்த்து "என்னடா இவன் இப்படிப் பறக்கிறான்" என்று திகைக்கிறவர்கள் தங்கள் வயதைக் குறை சொல்லிக்கொள்ள வேண்டாம்.

பெட்டி வாங்க முடியாதவர்களுக்கு ஸ்கூல் கம்ப்யூட்டர் லேப் இருந்தது. அங்கே 'டேஞ்சரஸ் டேவ்'. கோப்பையை எடுத்தால்தான் கதவு திறக்கும். எரிகிற தீயின் மேல் ஜெட்பேக் மாட்டிப் பறக்கிற பையன். அதை எழுதியவர் ஜான் ரொமேரோ. 1990 செப்டம்பரில் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் ஒரு ராத்திரி, அவருடன் வேலை பார்த்த ஜான் கார்மாக்கும் டாம் ஹாலும் 'சூப்பர் மரியோ பிரதர்ஸ் 3'-ன் முதல் ஸ்டேஜை அப்படியே கம்ப்யூட்டரில் நகலெடுத்தார்கள். மரியோ இருக்க வேண்டிய இடத்தில் டேவை நிறுத்தி, அதை ஃப்ளாப்பியில் போட்டு ரொமேரோவின் மேசையில் வைத்துவிட்டுப் போனார்கள். திரை வெட்டாமல் வழுக்கிக்கொண்டு நகர்ந்ததைப் பார்த்து மனிதர் ஆடிப்போனார். நின்டென்டோவிடம் காட்டினார்கள், வேண்டாம் என்று சொல்லிவிட்டது. அவர்கள் ஐடி சாஃப்ட்வேர் என்று தனிக்கடை போட்டு 'டூம்' எழுதினார்கள். நம் லேபில் பிரிண்டருக்குப் பக்கத்து சிஸ்டத்தில் சாருக்குத் தெரியாமல் ஓடிய டேவுக்கு இப்படியொரு வம்சாவளி.

பழைய ரசிகர்களைக் குறிவைத்து வந்த புது கேம்களில் இரண்டு வழிகள் தெரிகின்றன. 2008-ல் கேப்காம் 'மெகா மேன் 9' என்று ஒன்று விட்டது. 1980-களில் வந்திருந்தால் எப்படி இருக்குமோ அப்படியே. அந்தக் காலத்துச் சிப் ஒரே வரிசையில் எட்டு உருவங்களுக்கு மேல் வரைய முடியாமல் படம் சிமிட்டுமே, அந்தச் சிமிட்டலைக்கூட வேண்டுமென்றால் போட்டுக்கொள்ளலாம். எனக்கு இது கொஞ்சம் அதிகப்படியாகத் தெரிகிறது. 2014-ல் வந்த 'ஷவல் நைட்' அதற்கு நேர் எதிர். சிமிட்டலை எடுத்தார்கள், அகலத் திரைக்கு மாற்றினார்கள், பழைய சிப்பில் இல்லாத சில நிறங்களைச் சேர்த்துக்கொண்டார்கள். பார்த்தால் பழசுதான். நாம் ஆடியதைக் காட்டாமல், ஆடியதாக நினைத்துக்கொண்டிருப்பதைக் காட்டினார்கள். அதனால்தான் ஜெயித்தது.

மெகா மேன் வரிசையோடு பெயர் சேர்ந்த கெய்ஜி இனாஃபுனே ரசிகர்களிடமே 38 லட்சம் டாலருக்கு மேல் வசூலித்து 2016-ல் விட்ட 'மைட்டி நம்பர் 9' அதே ரசிகர்களிடம் வாங்கிக் கட்டிக்கொண்டது. பெயரும் பணமும் இருந்தும் தாவலில் உயிர் இல்லை. ஆனால் 'மெகா மேன்' ஆடாத சித்தூர்க்காரனுக்கு இந்தச் சண்டையெல்லாம் பக்கத்து ஊர்த் திருவிழா. அடுத்தவன் பிள்ளைப்பருவத்துக்குச் செய்த பலகாரம் நமக்கு இனிப்பாக இருக்கலாம். நம் வீட்டு ருசி வராது.

இனி நம் ஊர்க் கதை. 2015 ஆகஸ்டில் ஷாவ்மி தன் முதல் 'மேட் இன் இந்தியா' போனான ரெட்மி 2 ப்ரைமை அறிவித்தது. செய்தது ஸ்ரீசிட்டியில் இருக்கும் ஃபாக்ஸ்கான் ஆலை. 2018-ல் அதே நிறுவனத்தின் எல்இடி டிவிகள் திருப்பதியில் டிக்சன் ஆலையில் தயாராக ஆரம்பித்தன. 2022 ஏப்ரலில் பிரிந்த திருப்பதி மாவட்டத்துக்குள்தான் இப்போது இரண்டும் வருகின்றன. பழைய தாவலைக் கெடுத்த சாமான்கள் இரண்டும் நம் வாசலிலேயே செய்யப்படுகின்றன என்று சொன்னால் ஆலைக்காரர்கள் கோபிக்கக் கூடாது.

போனில் பட்டன் கிடையாது, வழுவழுவென்று கண்ணாடிதான். பட்டன் இருந்தால் விரலுக்கு விளிம்பு தெரியும், கண் மரியோ மேலேயே இருக்கும். கண்ணாடியில் கட்டைவிரல் அரை சென்டிமீட்டர் நகர்ந்தாலும் தெரியாது; பள்ளத்தில் விழுந்த பிறகுதான் தெரியும். பப்ஜியும் ஃப்ரீ ஃபயரும் ஆடி விரல் பழகிய பையன்கள் இதைப் பிரச்சினையாகவே நினைப்பதில்லை. ஆனால் சுடுவதில் கொஞ்சம் பிசகினால் இன்னொரு குண்டு இருக்கிறது. தாவலில் பிசகினால் லைஃப் போச்சு. எல்இடி டிவி வேறு தினுசு. பழைய பிக்சர் டியூப், வந்த சிக்னலை வந்தவுடனே வரைந்துவிடும். புது டிவி படத்தை வாங்கி, மெருகேற்றி, பிறகு காட்டும். சில டிவிகளில் அந்தத் தாமதம் பத்தில் ஒரு நொடி வரை போகும். அதற்குள் நொடிக்கு அறுபது என்ற கணக்கில் ஆறு படங்கள் கடந்துவிடும்.

நின்டென்டோவுக்கே இந்தக் கண்ணாடிச் சங்கடம் தெரியும். 2016 டிசம்பரில் ஐபோனுக்கும் 2017 மார்ச்சில் ஆண்ட்ராய்டுக்கும் வந்த 'சூப்பர் மரியோ ரன்'னில் மரியோ தானாகவே ஓடுவான். நீங்கள் தொட்டால் குதிப்பான். ஒரு கையில் பஸ் கம்பியைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் ஆடலாம். கெட்டிக்காரத்தனம்தான். ஆனால் ஓடலாமா நிற்கலாமா என்று பள்ளத்தின் விளிம்பில் தயங்குகிற அந்த அரை நொடியை எடுத்துவிட்டால் மீதி என்ன? போதாததற்கு எப்போதும் நெட் இருந்தால்தான் ஓடும் என்று ஒரு நிபந்தனை. திருமலை மலைப்பாதையில் சிக்னல் போகிற வளைவில் மரியோவும் நின்றுவிடுவான்.

எனக்குப் பதில் கிடைத்தது வேறு இடத்தில். சித்தூர் கிரீம்ஸ்பேட்டையில் அக்கா வீடு. அவள் பையன் பத்தாவது படிக்கிறான். பழைய லேப்டாப்பில் வயர் வைத்த ஒரு கன்ட்ரோலரைச் சொருகி 'செலஸ்ட்' ஆடிக்கொண்டிருந்தான். 2018-ல் மேடி தோர்சனும் நோயல் பெரியும் கொண்டுவந்தது. ஒரு பெண் மலை ஏறுகிற கதை. திருப்பதிக்காரர்களுக்கு இதற்கு மேல் விளக்க வேண்டாம். கேம் பிடிக்கிற இடம் ஒன்றேகால் ஜிபிக்குள்தான், தனியாக கிராஃபிக்ஸ் கார்டு வேண்டாம்.

"மாமா, நீங்க ட்ரை பண்ணுங்க."

செத்தேன், செத்தேன், செத்துக்கொண்டே இருந்தேன். ஆனால் ஒவ்வொரு தடவையும் கண் சிமிட்டுவதற்குள் அதே இடத்தில் நிறுத்திவிடுகிறது. லைஃப் கணக்கு இல்லை. எத்தனை தடவை செத்தாய் என்று கடைசியில் ஒரு எண் மட்டும் காட்டும். அதை இங்கே எழுத மாட்டேன். நான்காவது திரையிலேயே விரல் கண்டுகொண்டது: தட்டினால் சின்னதாக, பிடித்தால் பெரியதாக. அதே தாவல்!

ஏமாற்று வேலையும் உண்டு, நல்ல ஏமாற்று. விளிம்பைத் தாண்டிக் கால் அந்தரத்துக்குப் போன பிறகும் சில கணங்கள் வரை 'நீ இன்னும் தரையில்தான் இருக்கிறாய்' என்று கணக்கு வைத்துக்கொண்டு தாவ விடும். தரையைத் தொடுவதற்குக் கொஞ்சம் முன்னாலேயே பட்டனை அழுத்திவிட்டால், அதை ஞாபகம் வைத்திருந்து கால் பட்டதும் தாவும். தலை ஓரத்தில் இடித்தால் லேசாக ஒதுக்கி மேலே அனுப்பும். ஆடுகிறவனுக்கு இது எதுவும் தெரியாது, தன் கை சுத்தமாகிவிட்டது என்று நினைத்துக்கொள்வான். 1985 மரியோ இந்த அளவு தாராளம் காட்டுகிறவன் இல்லை. நம் ஞாபகத்தில் இருக்கிற மரியோ இப்படித்தான் தாராளமாக இருந்தான்.

பதிலுக்கு நான் அவனுக்குப் பழைய மரியோவைப் போட்டுக் காட்டினேன். முதல் ஸ்டேஜில் ஒரு காசை விட்டுவிட்டு முன்னால் போனவன் திரும்ப நடந்தான். திரை நகரவில்லை.

"பின்னாடி போக முடியாதா மாமா?"

"முடியாதுடா."

"இதையா எல்லாரும் சூப்பர்ங்கறீங்க?" என்றவன், மூன்றாவது ஸ்டேஜ் வரை கன்ட்ரோலரைக் கீழே வைக்கவில்லை.

கைக்கு வேண்டியது கிடைக்கிறது என்பதில் எனக்குச் சந்தேகம் போய்விட்டது. பெரிய மாமன், சின்ன மாமன், எதிர்வீட்டுப் பையன்கள் என்று ஏழு பேர் இரண்டு ரிமோட்டுக்குச் சண்டை போட்டு, "செத்தா கொடுத்துடணும்" என்று சத்தியம் வாங்கிக்கொண்டு ஆடினோமே, அதை எந்தக் கம்பெனியும் விற்காது. வருஷம் முழுக்க ஒரே கேசட் என்பதால் எந்தச் செங்கலுக்குள் காளான் இருக்கிறது என்று தூக்கத்திலும் சொல்வோம். இன்று ஒரு போனில் நூறு கேம் இறக்கி, நூறையும் மூன்றாவது நிமிஷத்தில் அழிக்கிறோம். "கிக்கு இல்லை" என்று சொல்கிறவர்களில் பலர் ஒரு புது கேமையாவது இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை திரும்பத் திறந்திருக்கிறார்களா என்று கேட்டுப் பாருங்கள்.

2023 அக்டோபரில் வந்த 'சூப்பர் மரியோ பிரதர்ஸ் வண்டர்' நன்றாகத்தான் இருக்கிறது. குழாய்கள் நெளியும், பூக்கள் பேசும். ஆனால் அதற்கு நின்டென்டோவின் 'ஸ்விட்ச்' பெட்டி வேண்டும். நம் ஊர்க்காரர்கள் அதை வாங்கியது பெரும்பாலும் இறக்குமதிக் கடைகளில். பர்மா பஜார் காலம் முழுதாக முடிந்துவிடவில்லை. காண்ட்ராவுக்கு ஏங்குகிறவர்கள் 2017-ன் 'கப்ஹெட்'டைப் பார்க்கலாம். இரண்டு பேர் சேர்ந்து ஆடலாம், கொலைக் கஷ்டம். மேலே கீழே இடது வலது என்று அழுத்தி முப்பது லைஃப் வாங்குகிற வித்தை மட்டும் இதில் பலிக்காது. மரியோ பக்கம் மனசு உள்ளவர்களுக்கு 'செலஸ்ட்'. மிகக் கடினம் என்று தோன்றினால் அதிலேயே 'அசிஸ்ட் மோட்' இருக்கிறது, வெட்கப்படாமல் போட்டுக்கொள்ளலாம்.

எதை வாங்கினாலும் கண்ணாடியில் ஆடாதீர்கள். வயர் வைத்த கன்ட்ரோலர் ஒன்று வாங்குங்கள். டிவியில் ஆடுவதென்றால் முதலில் செட்டிங்ஸில் போய் 'கேம் மோட்' என்று இருக்கிறதா பாருங்கள். போட்டால் படத்தின் மெருகு கொஞ்சம் குறையும், தாமதமும் குறையும். டிவி வாங்கிய நாளிலிருந்து அந்தப் பக்கமே போகாத வீடுகள்தான் அதிகம்.