ஒரே சாவி, ஊரெல்லாம் கதவு!

வீட்டில் பத்து அறை. பத்துக்கும் பத்துப் பூட்டு, பத்துச் சாவி. கொத்தைத் தூக்கிக்கொண்டு அலைவது எவ்வளவு தொல்லை!

இணையதளங்களிலும் இதே தொல்லைதான். ரெயில் டிக்கெட் வாங்க ஒரு கடவுச்சொல். பாங்கிக் கணக்குக்கு ஒன்று. கடிதம் பார்க்க வேறொன்று.

சிலர் எல்லாவற்றுக்கும் ஒரே சொல்லை வைத்துவிடுகிறார்கள். அது ஆபத்து! ஓரிடத்தில் திருட்டுப் போனால், எல்லா இடத்திலும் திருடன் நுழைந்து விடுவான்.

இதற்கு வழி என்ன?

மூன்று தலை நாய்

அமெரிக்காவில் புகழ் பெற்றது எம்.ஐ.டி. கல்விக்கூடம். 1983-ம் ஆண்டு அங்கே "அதீனா" என்ற திட்டம் தொடங்கியது. மாணவர் எந்தக் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தாலும் தம் வேலையைச் செய்ய வேண்டும் என்பது நோக்கம்.

அதில் பிறந்த காவல் முறைக்குப் பெயர் "கெர்பரோஸ்". கிரேக்கப் புராணத்தில் எமலோக வாசலைக் காக்கும் மூன்று தலை நாயின் பெயர் இது!

இணையதளங்கள் வந்த பிறகு, இதே யுக்தி அவற்றுக்கும் வந்தது.

சீட்டு தரும் காவலாளி

பல தளங்கள் சேர்ந்து ஒரே காவலாளியை நம்புகின்றன. நீங்கள் ஒரு தளத்துக்குப் போனால், அது உங்களைக் காவலாளியிடம் அனுப்பும். அவன் கடவுச்சொல்லைச் சரி பார்ப்பான். சீட்டு ஒன்று தருவான். சீட்டைக் காட்டினால் கதவு திறக்கும்.

அடுத்த தளத்துக்குப் போனால் மறுபடி கேள்வி இல்லை. காவலாளிக்கு உங்களை நினைவிருக்கிறது. உடனே புதுச் சீட்டு தந்து விடுவான்.

கடவுச்சொல் தளங்களுக்குத் தெரியாது. காவலாளியிடம் மட்டுமே சொல்கிறீர்கள்!

சீட்டே திருடு போனால்?

2018-ம் ஆண்டு செப்டம்பரில் அது நடந்தது. பேஸ்புக்கில் திருடர்கள் புகுந்தார்கள். கடவுச்சொல்லைத் தொடவில்லை. சுமார் 3 கோடிப் பேருடைய நுழைவுச் சீட்டுகளைத் திருடினார்கள்!

பேஸ்புக் கணக்கைக் காட்டி வேறு பல தளங்களுக்குள்ளும் போகலாம். அதனால் எங்கும் பரபரப்பு. அந்த நிறுவனம் சுமார் 9 கோடிக் கணக்குகளின் சீட்டுகளைச் செல்லாதபடி செய்தது. வேறு தளங்களில் திருடர் நுழைந்த தடயம் இல்லை என்று பின்னர் அறிவித்தது.

மறக்காதீர்கள்!

சாவி ஒன்றானால் காவலும் இரட்டிப்பாக வேண்டும். கடவுச்சொல்லோடு, கைபேசிக்கு வரும் எண்ணையும் கேட்கும்படி வைத்துக்கொள்வது நல்லது.

கடையிலோ அலுவலகத்திலோ பொதுக் கம்ப்யூட்டரைப் பயன்படுத்தினால், தளத்தை விட்டு வெளியேறினால் மட்டும் போதாது. காவலாளியிடமும் விடை பெற வேண்டும்.

இல்லாவிட்டால்? அடுத்து வந்து உட்காருகிறவரை நீங்கள் என்றே நினைத்து, அவன் சீட்டைக் கொடுத்து விடுவான்!