ஒப்பனைத் தூரிகைக்கும் ஆண்-பெண் பேதம்

புது தில்லி: நடிகையின் முகத்துக்கு ஒப்பனை செய்யப் பெண்ணுக்கு அனுமதி இல்லை. மும்பைத் திரையுலகில் அரை நூற்றாண்டுக்கும் மேலாக நீடித்த விதி இது. சிகை அலங்காரம் பெண்களுக்கு, ஒப்பனை ஆண்களுக்கு எனப் பிரித்து வைத்திருந்தது ஒப்பனைக் கலைஞர்கள் சங்கம். லாஸ் ஏஞ்சலீஸில் முறையாகப் பயின்று திரும்பிய சாரு குரானாவின் விண்ணப்பம் 2009-ல் நிராகரிக்கப்பட்டது. உறுப்பினர் அல்லாதவர் என்று அபராதம் வேறு! ஆண்களின் பிழைப்பைக் காக்கவே இந்த ஏற்பாடு என்றது சங்கம்.

நீதிபதிகள் தீபக் மிஸ்ரா, யு.யு. லலித் ஆகியோரைக் கொண்ட உச்ச நீதிமன்ற அமர்வு, 2014 நவம்பர் 10-ல் அவ்விதியை ரத்து செய்தது. மகாராஷ்டிரத்தில் 5 ஆண்டுகள் வசித்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் தப்பவில்லை. இத்தகைய விதிகளை ஏற்றுப் பதிவு செய்த தொழிற்சங்கப் பதிவாளரின் செயலையும் நீதிமன்றம் ஏற்கவில்லை.