தாங்கிப் பை: மூன்று சில்லு மோட்டார் சைக்கிளில் பத்திரத்துக்கும் பணத்துக்கும் ஓர் இடம்

உடப்பிலிருந்து பத்துளு ஓயாவுக்கும், அங்கிருந்து சிலாபத்துக்கோ புத்தளத்துக்கோ செல்லும் வண்டிகளைக் கவனித்தால் ஒன்று தெரியும். பாரம் ஏற்ற எல்லா வண்டிக்கும் இடம் உண்டு. மீன் பெட்டி, வெங்காயச் சாக்கு, உரப்பை எல்லாம் பின்னால் ஏறிவிடும். ஆனால் ஓட்டுபவரின் அடையாள அட்டை, விற்ற காசு, கணக்குக் கொப்பி, மருந்துத் துண்டு ஆகியவற்றுக்கு மட்டும் இடமில்லை. அவை சட்டைப் பையில் வியர்வையில் நனைகின்றன. இல்லாவிட்டால் சொப்பின் பையில் கட்டப்பட்டு ஹாண்டிலில் தொங்குகின்றன. இந்தச் சிறு குறையைக் குறைந்த செலவில் தீர்க்கும் வழி ஒன்றை இங்கே விளக்குகிறோம்.

இடம்பெயர்ந்த குடும்பங்களுக்கு இது சிறு குறையும் அல்ல. 1990 அக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பங்கள் புத்தளம் மாவட்டத்தில் வந்து தங்கின. போரின் வெவ்வேறு கட்டங்களில் தமிழ்க் குடும்பங்களும் வந்தன. 2009இல் போர் முடிந்த பின்னரும் பலருக்கு ஒரு கால் இங்கே, ஒரு கால் ஊரில். அனுராதபுரம், மதவாச்சி வழியாக மன்னார்ப் பக்கம் போய்ப் பழைய வயலைப் பார்க்கிறவர்கள், பிரதேச செயலகத்தில் காணி விடயமாக வரிசையில் நிற்கிறவர்கள் எல்லோரும் தாள்களைச் சுமந்துகொண்டே திரிகிறார்கள். வயலைவிட்டு வந்தவருக்கு வயல் தன்னுடையது என்று காட்ட மிஞ்சியிருப்பது பெரும்பாலும் தாள்தான். அது மழையில் கரைவதும் தெருவில் விழுவதும் சிறிய இழப்பு அல்ல.

எந்த வண்டிக்குப் பொருந்தும்?

தாங்கிப் பை என்பது இருக்கைக்கு முன்னே உள்ள பெற்றோல் தாங்கியின் மேல் வைத்துக் கட்டும் பை. ஆகவே ஓட்டுபவருக்கு முன்னால் தாங்கி இருக்கும் வண்டிக்கே அது பொருந்தும். முன்பாதி மோட்டார் சைக்கிளாகவும் பின்பாதி இரண்டு சில்லும் சரக்குத் தட்டும் கொண்டதாகவும் உள்ள வண்டி இதில் அடங்கும். பக்கத்தொட்டி பூட்டிய மோட்டார் சைக்கிளும், கால் இழந்தவர்களுக்காகப் பின்னால் பக்கச் சில்லுகள் பூட்டிய மோட்டார் சைக்கிளும் அடங்கும்.

ஓட்டோ இதில் சேராது. அதற்கு என்ஜின் பின்னால் உள்ளது. முன்னால் தாங்கியே இல்லை. ஸ்கூட்டரில் பக்கச் சில்லு பூட்டியவர்களுக்கும் பொருந்தாது. அவர்கள் கால்வைக்கும் தட்டுக்கு மேலேயுள்ள கொளுக்கியில் சிறு பையை மாட்டலாம். ஆனால் அது பிரேக் மிதியில் முட்டக் கூடாது.

இன்னொரு விடயம். பை கட்டுவது வண்டியின் அமைப்பை மாற்றுவது ஆகாது. ஆனால் இரண்டு சில்லு வண்டியை மூன்று சில்லாக மாற்றுவது அமைப்பு மாற்றமே. அப்படி மாற்றியவர்கள் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் விசாரித்துப் பதிவைச் சரிசெய்து கொள்ள வேண்டும். பதிவில் ஒன்றும் தெருவில் வேறொன்றுமாக இருந்தால், விபத்து நேரத்தில் காப்புறுதியைப் பெறுவது கடினமாகிவிடும்.

பாரம் எங்கே இருக்கிறது என்பதே முக்கியம்

கிணற்றுத் துலாவை எல்லோரும் அறிவோம். பின்பாரம் கூடினால் வாளி தானாக மேலே எழும்பும். மூன்று சில்லு வண்டியும் ஒரு துலாதான். பின் அச்சே அதன் தாங்குமரம். அச்சுக்குப் பின்னால் தொங்கும் ஒவ்வொரு கிலோவும் முன் சில்லைத் தூக்கப் பார்க்கும்.

ஓர் உதாரணம். முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே 2 மீற்றர் தூரம் என்று வைப்போம். பின் அச்சுக்கு அரை மீற்றர் பின்னே 40 கிலோ சாக்கைக் கட்டினால், முன் சில்லின் மேலுள்ள பாரத்தில் 10 கிலோ குறைந்துவிடும். பாரம் குறைந்த முன் சில்லு மண்ணைக் கௌவாது. மணல் ஒழுங்கையில் ஹாண்டிலைத் திருப்பினாலும் வண்டி நேரே போகும். அதே வண்டியில் முன் அச்சிலிருந்து 80 சென்ரிமீற்றர் பின்னே, தாங்கியின் மேல் 3 கிலோ வைத்தால், 1.8 கிலோ முன் சில்லிலும் 1.2 கிலோ பின் சில்லுகளிலும் இறங்கும். வண்டியின் சமநிலை கெடாது. சிறிய, விலைமதிப்புள்ள, அடிக்கடி எடுக்க வேண்டிய பொருளுக்குத் தாங்கியின் மேற்பரப்பு ஏற்ற இடம் என்பது இதனால்தான்.

ஆனால் இதை வைத்துப் பாரத்தைக் கூட்ட நினைக்க வேண்டாம். தாங்கி உயரமான இடம். மூன்று சில்லு வண்டியில் உயரத்தில் ஏறும் பாரம் வளைவில் வண்டியைக் கவிழ்க்கப் பார்க்கும். பை உட்பட 3 கிலோ என்பதை எல்லையாக வைத்துக்கொள்ளுங்கள்.

கடைப் பையில் உள்ள குறை

கடையில் விற்கும் தாங்கிப் பைகள் பெரும்பாலும் இரண்டு சில்லு வண்டிக்கென்று செய்யப்பட்டவை. இரண்டு சில்லு வண்டி வளைவில் உட்பக்கம் சாயும். பையும் அதனுடன் சாய்வதால், அதன் மேல் விழும் விசை தாங்கியை நோக்கியே அழுத்தும். முன்னால் ஒரு நாடா, பின்னால் ஒரு நாடா இருந்தாலே போதும்.

மூன்று சில்லு வண்டி சாயாது. வளைவில் ஓட்டுபவரின் உடல் வெளிப்பக்கம் தள்ளப்படுவது போலவே பையும் வெளிப்பக்கம் தள்ளப்படும். முன்பின் நாடா மட்டும் உள்ள பை மெல்லச் சரிந்து, தாங்கியின் பக்கவாட்டில் தொங்கும். பின் ஹாண்டிலில் சிக்கும். ஆகவே மூன்று சில்லு வண்டிக்குப் பக்கத்துக்கு ஒன்றாக இன்னும் இரண்டு நாடா கட்டாயம் வேண்டும். இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதானால் இதை வையுங்கள்.

காந்தம் வைத்த பைகளும் உண்டு. வைத்தவுடன் ஒட்டும் என்று விற்பார்கள். இரும்புத் தாங்கியில்தான் காந்தம் ஒட்டும். அலுமினியத்திலும் பிளாஸ்டிக்கிலும் ஒட்டாது. கனடாவில் 2007இல் வெளிவந்த கேன்-ஆம் ஸ்பைடர் என்ற விலையுயர்ந்த மூன்று சில்லு வண்டியிலும், தாங்கிபோலத் தெரியும் முன்பகுதி பிளாஸ்டிக் மூடியே. அதற்கும் நாடாதான் கதி. கடற்கரையோரத்தில் வேறொரு தொல்லையும் உண்டு. காந்தம் கருமணல் துகளை இழுத்துத் தன்னுடன் ஒட்டவைக்கும். அது பெயின்ரைச் சுரண்டும். வங்கி அட்டையின் கறுப்புப் பட்டியும் காந்தத்தால் பழுதாகலாம்.

நாமே தைப்பது எப்படி?

ஓட்டோ இருக்கைக்கு உறை தைக்கும் குஷன் கடைகளில் வெட்டி மிஞ்சிய ரெக்சின் துண்டுகள் கிடக்கும். அங்கேயே கேட்டுப் பாருங்கள். பழைய லொறித் தறப்பாளும் நல்லது. உரப்பையைத் தவிர்க்கவும். அது பொலிபுரொப்பிலீன் இழையால் நெய்யப்பட்டது. வெயிலில் சில மாதங்களில் நொறுங்கும்.

பையின் அளவு நீளம் 30, அகலம் 22, உயரம் 12 சென்ரிமீற்றர் போதும். பெரிதாகத் தைத்தால் பெரிதாக நிரப்பத் தோன்றும். அடிப்பாகத்துக்குள் மெல்லிய ஸ்பொன்ஞ் அல்லது ரப்பர் தகடு வைத்துத் தையுங்கள். அடியின் வெளிப்புறத்தில் பழைய சைக்கிள் டியூபை நீளவாக்கில் கீறி, இரண்டு பட்டிகளாக ஒட்டித் தையுங்கள். பை வழுக்காமல் இருப்பதற்கு இதைவிட மலிவான பொருள் கிடையாது. மூடி மேலிருந்து பக்கத்துக்கு இறங்குவதாக இருக்க வேண்டும். சிப் மட்டும் வைத்தால் மழைநீர் உள்ளே போகும். பழுதான பாடசாலைப் பைகளின் நாடாவையும் கொளுவியையும் கழற்றிப் பயன்படுத்தலாம்.

பூட்டும் முறை

1. தாங்கியை நன்னீரால் கழுவித் துடைத்து உலர விடுங்கள். அடியில் ஒரு பிடி மணல் இருந்தாலும் அது அரத்தாள் போல் வேலை செய்யும்.

2. முன் நாடாவை ஹாண்டிலுக்குக் கீழேயுள்ள சட்டகத்தின் கழுத்தில் கட்டுங்கள். ஹாண்டிலிலோ முன் போர்க்கிலோ கட்டக் கூடாது. அவை திரும்பும், சட்டகம் திரும்பாது.

3. பின் நாடாவை இருக்கையின் முன்முனைக்கு அடியால் சட்டகத்தில் கட்டுங்கள்.

4. பக்க நாடாக்கள் இரண்டையும் தாங்கியின் கீழ்விளிம்புக்கு அடியே சட்டகக் குழாயில் கட்டுங்கள். பெற்றோல் குழாயையோ வயரையோ அவை நசுக்கக் கூடாது. பெற்றோல் திறப்பைக் கை எட்ட வேண்டும். என்ஜினிலும் புகைக்குழாயிலும் நாடா படக் கூடாது, பட்டால் உருகும்.

5. நாடாவின் மிஞ்சிய நுனிகளை மடித்துத் தையுங்கள். தொங்கும் நுனி செயினில் சிக்கும்.

6. தாங்கி மூடியில் சிறு காற்றுத் துளை உண்டு. பெற்றோல் கீழே இறங்க அதன் வழியாகக் காற்று உள்ளே போக வேண்டும். ரெக்சின் அதை இறுக மூடினால் சிறிது தூரம் ஓடியபின் என்ஜின் நின்றுவிடும். மூடியைத் திறந்தால் திரும்ப ஓடும். பலர் இதைக் காபுரேட்டர் கோளாறு என்று எண்ணிக் கராஜில் பணம் கொடுப்பார்கள். டியூப் பட்டிகள் இரண்டுக்கும் நடுவே இடைவெளிவிட்டு, அந்த இடைவெளி மூடியின் மேல் வரும்படி பையை வையுங்கள்.

தெருவில் இறங்குமுன் மூன்று சோதனைகள்

முதலாவது: வண்டியை நிறுத்தி என்ஜினை மெதுவாக ஓடவிட்டு, ஹாண்டிலை இடப்பக்கமும் வலப்பக்கமும் முடிவரை திருப்புங்கள். என்ஜின் சத்தம் கூடினால், பை அக்சிலேற்றர் கேபிளை இழுக்கிறது என்று பொருள். ஹோர்ன் தானாக அடித்தாலும் கிளச் பிடி பையில் முட்டினாலும் பையைப் பின்னே தள்ளிக் கட்டுங்கள்.

இரண்டாவது: இருக்கையில் அமர்ந்து பாருங்கள். வேகமானியும் சாவித் துவாரமும் கண்ணுக்குத் தெரிய வேண்டும். முழங்கால் தடையில்லாமல் பிரேக் மிதிக்குப் போக வேண்டும்.

மூன்றாவது: பையில் 3 கிலோ அரிசி வைத்து, வெறும் வளவில் மெதுவாக வட்டம் சுற்றுங்கள். பை இரண்டு விரல் அகலத்துக்கு மேல் நகர்ந்தால் பக்க நாடாவை இறுக்குங்கள். ஒரு கிழமை ஓடிய பின் மறுபடியும் இறுக்குங்கள். புது நாடா இளகும்.

எதை வைக்கலாம், எதை வைக்கக் கூடாது?

சாரதி அனுமதிப்பத்திரம், வாகன வருமான அனுமதிப்பத்திரம், காப்புறுதி அட்டை, கணக்குக் கொப்பி, மருந்து, தண்ணீர்ப் போத்தல், ஒரு துணி, பிளக் கழற்றும் சாவி ஆகியவற்றை வைக்கலாம். தாள்களை முதலில் இறுகக் கட்டிய பொலித்தீன் உறைக்குள் இடுங்கள்.

பெற்றோல் வைக்கவே கூடாது. 2022இல் எரிபொருள் தட்டுப்பாடு வந்தபோது போத்தலில் பெற்றோல் கொண்டு திரியும் பழக்கம் பலருக்கு ஏற்பட்டது. பெற்றோல் எந்த வெயிலிலும் எந்தக் குளிரிலும் ஆவியாகிக்கொண்டே இருக்கும். அந்த ஆவிக்கு ஒரு பொறி போதும். உங்கள் நெஞ்சுக்கு முன்னே, என்ஜினுக்கு மேலே அதை வைத்துக்கொண்டு ஓடாதீர்கள். கத்தி, உளி போன்ற கூரிய ஆயுதங்களும் வேண்டாம். விழும்போது நெஞ்சு முதலில் மோதுவது அந்தப் பையில்தான்.

காணி உறுதி, காணி அனுமதிப்பத்திரம், பிறப்புச் சான்றிதழ் ஆகியவற்றின் மூலப் பிரதிகளையும் பையில் வைத்தபடி விடாதீர்கள். அவை வீட்டில் இருக்கட்டும். பையில் போட்டோப் பிரதி போதும். அலுவலகம் மூலப் பிரதியைக் கேட்கும் நாளில் மட்டும் கொண்டுபோய், அன்று மாலையே வீட்டில் வையுங்கள். அடையாள அட்டை தொலைந்தால் பொலிஸ் முறைப்பாடு, கிராம உத்தியோகத்தர், விண்ணப்பம் என்று நாட்கள் போகும். ஆனாலும் அது திரும்பக் கிடைக்கும். போரில் பதிவேடே அழிந்த இடத்துக் காணித் தாள் அப்படித் திரும்பக் கிடைக்கும் என்று நம்பியிருக்க முடியாது.

உப்புக் காற்றும் மணலும்

உடப்பில் எந்த இரும்பும் நீண்ட காலம் தப்பாது. பைக்கும் தாங்கிக்கும் இடையே தங்கும் உப்பு ஈரம் வெயிலில் காயாது. அது பெயின்ரின் அடியில் துருவை வளர்க்கும். ஆகவே ஒவ்வொரு மாலையும் பையைக் கழற்றி வீட்டுக்குள் கொண்டுபோங்கள். தாங்கியை ஈரத்துணியால் துடையுங்கள். கழற்றிய பை உங்கள் கையில் இருந்தால் திருட்டுப் பயமும் இல்லை.

ஒருவர் தனியே தைக்கக் கொடுப்பதைவிட, ஐந்தாறு குடும்பங்கள் சேர்ந்தால் ரெக்சின் மலிவாகக் கிடைக்கும். தையல் தெரிந்த பெண்கள் பலர் நம் குடியிருப்புகளில் இருக்கிறார்கள். ஒரு பையை அவிழ்த்து வெட்டு மாதிரியாக வைத்துக்கொண்டால் அடுத்ததைத் தாங்களே தைப்பார்கள்; கூலியும் குடியிருப்புக்குள்ளேயே நிற்கும். அடுத்த சங்கக் கூட்டத்தில் இதைப் பேசிப் பாருங்கள். கால் இழந்தவர் ஓட்டும் வண்டி உங்கள் குடியிருப்பில் இருந்தால் முதற் பையை அவருக்குத் தையுங்கள். பின்னால் இறங்கிப் போய் எடுக்க முடியாதவருக்கே கைக்கெட்டும் பை அதிகம் பயன்படும்.